அரியணைப் படி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிய இரண்டே நிமிடம். தையல் மெஷினில் சாய்த்து வைத்த பூர்ணிமாவின் செல்போன் விளையாட்டில், அவள் ஒரு மாதமாய் வளர்த்த வீராங்கனை, மறைந்துபோன தெய்வத்தின் அரியணைப் படியில் நிற்கிறாள். எல்லாவற்றையும் துறந்து ஏறி உட்கார்ந்தால் தெய்வசக்தி அவளுக்குத்தான். வாள், கவசம், கிரீடம் எல்லாம் கீழே கிடக்கின்றன. ஆனாலும் படி அவளைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிடுகிறது. பக்கத்து மெஷின் மெர்சி, தக்காளி சாதம் ஒட்டிய விரலை நக்கியபடி எட்டிப் பார்க்கிறாள். "இன்னாடி நீ, பூட்ஸோட ஏறுனா எந்த சாமி உள்ள விடும்?" "அந்த பூட்ஸ் தையலப் பாருக்கா, ஒரு நூல்கூட பிசிறு இல்ல. கழட்ட மனசே வரல." கண்ணை இறுக மூடிக்கொண்டு பூர்ணிமா திரையிலிருக்கும் பூட்ஸை விரலால் தொடுகிறாள். பூட்ஸ் கழல்கிறது, வெறுங்காலோடு வீராங்கனை ஏறுகிறாள். பொன்னொளி பொங்கி இரண்டு முகங்களையும் மஞ்சளாக்குகிறது. மணி அடிக்கிறது. மெஷினை மிதிக்கப் போன பூர்ணிமாவின் காலில் செருப்பு இல்லை; எப்போது கழற்றினாளோ, இரண்டும் ஓரமாய் ஒழுங்காகக் கிடக்கின்றன.