மீண்டுவந்த பத்திரம்

“அட்டர்னி, செத்துப்போனவன் திரும்பி வந்தா சட்டம் என்ன சொல்லுது?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

எங்கள் தீவின் கலப்பான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடைப்பந்துக் கோர்ட்டில், சனிக்கிழமைதோறும் வக்கீலம்மா லியோனிடா மேசை போட்டு உட்கார்ந்து இலவசமாகச் சட்டம் சொல்வார். எங்கள் ஊரில் பாதிப் பேர் படியேறிய ஒரே கோர்ட் அதுதான். அன்று காலையிலிருந்து பக்கத்து வீட்டுச் சேவல் கூவித் தூக்கம் கெட்டதாக இரண்டு புகார், மாமரக் கிளை வேலி தாண்டியதாக ஒரு புகார். செத்தவன் விவகாரம் அதுவரை வந்ததில்லை.

“அதுக்குச் சட்டம் எதுக்குண்ணே? பாதிரியாரைக் கூப்பிடுங்க” என்றார் லியோனிடா.

வந்தவர் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு விஷயம், அட்டர்னி.”

லியோனிடா புன்னகையை அடக்கிக்கொண்டார். இருபது வருடமாக அந்த நாற்காலியில் எத்தனை ‘தெரிஞ்ச ஒருத்தர்’களைப் பார்த்தாயிற்று! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வருகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வராது, இரக்கம்தான் வரும். வரிசையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

“சொல்லுங்க.”

“மீன் பிடிக்கப் போனவன் புயல்ல படகோட காணாமப் போயிட்டான். நாலு வருஷம் பார்த்துட்டு, அவன் பொண்டாட்டி கோர்ட்ல மனுப் போட்டா. அவன் செத்ததா வச்சுக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. அப்புறம் வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. எல்லாம் முறைப்படி, சர்ச்சுல.”

“சரி.”

“இப்ப ஒன்பது வருஷம் கழிச்சு வந்து நிக்கறான்.”

“அடப் பாவமே! இத்தனை நாள் எங்க இருந்தானாம்?”

“கரை ஒதுங்கின நாட்டுல பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க. கடுதாசி போடக்கூட வழியில்ல.”

லியோனிடாவுக்கு எதிரே இருப்பவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. உப்புக்காற்றில் காய்ந்த முகம், தொப்பியைப் பிசைகிற விரல்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் இப்படி ஓர் இடி விழுந்தால் மனுஷன் என்ன செய்வான்!

“குழந்தைங்க?”

“முதல் புருஷனுக்கு ஒரு பொண்ணு. பதினொரு வயசு. அவன் போறப்ப ரெண்டு வயசு. இப்ப இருக்கறவருக்கு ஒரு பையன்.”

“இங்க பாருங்கண்ணே. ரெண்டாவது கல்யாணம் செல்லும். ஆனா முதல் புருஷன் ‘நான் மீண்டு வந்துட்டேன், உயிரோடதான் இருக்கேன்’னு ஒரு சத்தியப் பத்திரம் எழுதி, பதிவு ஆபீஸ்ல கொடுத்தான்னா, அன்னிக்கே இந்தக் கல்யாணம் முடிஞ்சுபோகும். மறுபடி அவன்தான் புருஷன்.”

“கேஸ் போட வேணாமா?”

“வேணாம். ஒரே ஒரு பத்திரம்தான்.”

“எழுதலைன்னா?”

“எழுதலைன்னா இந்தக் கல்யாணம் அப்படியே இருக்கும்.”

“வேற யாராவது எழுதிக் கொடுத்தா?”

“சம்பந்தப்பட்டவங்க கொடுக்கலாம். ஆனா அவன் உயிரோட இருக்கறதுக்கு ஆதாரம் வேணுமில்ல? ஊர்ல யாராவது அவனைப் பார்த்தாங்களா?”

“நேத்து சாயங்காலம் வீட்டு வேலி வரைக்கும் வந்தான். யாரும் கவனிக்கல. அந்தப் பொண்ணு சைக்கிள் பழகிட்டு இருந்தா. பின்னால சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடினவரைப் பார்த்து, ‘விட்டுடாதீங்கப்பா, விட்டுடாதீங்கப்பா’ன்னு ஒரே கத்தல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு, அவன் அப்படியே திரும்பிட்டான்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. லியோனிடா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். வக்கீல் என்பதை மறந்து, கூடப் பிறந்தவள் போலப் பேசினார்.

“அண்ணே, தெரிஞ்சவர் வீட்டு விஷயம்னு சொல்லிட்டு வர்றவங்க எல்லாரும் எனக்குப் பழக்கம்தான். கூச்சப்படாதீங்க. அடுத்தவன் பெத்த பொண்ணைத் தன் பொண்ணா நெனச்சு சைக்கிள் பின்னால ஓடறதுக்குப் பெரிய மனசு வேணும். அது உங்ககிட்ட இருக்கு. பயப்படாதீங்க.”

அவர் தண்ணீரைத் தொடவில்லை.

“ஆனா ஒண்ணு, பிடி அவன் கையிலதான் இருக்கு. அவன்கிட்ட நேர்ல பேசிப் பார்க்கலாமா? வேணும்னா நானும் வர்றேன்.”

“வேணாம் அட்டர்னி. அவன் எழுத மாட்டான்.”

“அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? ஒன்பது வருஷம் பொண்டாட்டி புள்ளையை நெனச்சுக்கிட்டே உள்ள கிடந்திருப்பான். சும்மா விட்டுட்டுப் போவானா?”

“சீட்டைப் பிடிச்சிருக்கற கையை எடுத்துவிட்டா, பொண்ணு விழுந்துடுவாளே.”

லியோனிடாவுக்கு இப்படி ஒருத்தன் இருந்தால் அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று தோன்றியது.

“அப்படின்னா நிம்மதியா வீட்டுக்குப் போங்க. அந்தம்மாகிட்ட இதைச் சொல்லி மனசைக் கலைக்க வேணாம்.”

“சொல்ல மாட்டேன். நாலு மணிக் கப்பலுக்குப் போகணும்” என்று அவர் எழுந்தார். முகம் தெளிந்திருந்தது.

“ஒரு நிமிஷம்! யாருக்கெல்லாம் சட்டம் சொன்னோம்னு நகராட்சியில கேப்பாங்க. பேரை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

லியோனிடா நோட்டைத் திருப்பி வைத்தார். அவர் பேனாவை வாங்கினார். தாள் வரைக்கும் கொண்டுபோய், மெல்ல மூடி மேசைமேல் வைத்தார்.

“கையெழுத்துப் போட்டா, நான் உயிரோட இருக்கேன்னு அதுவே ஆதாரமாயிடுமே, அட்டர்னி.”