ஐந்து மணிக்குள் ஒரு கடிதம்

"மேடம், மணி நாலரை. அஞ்சு மணியோட விண்ணப்பம் வாங்குறதை நிறுத்திருவாங்க."

"தெரியும்" என்றார் மேடம். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேசைக்கு எதிரே அவள் நின்றிருந்தாள். இளம் கணினி விஞ்ஞானிகள் இரண்டு வருடம் தங்கி ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அழைத்திருந்தது. இருந்தது ஒரே ஓர் இடம். பக்கவாதம் வந்தவர்களின் குழறும் பேச்சைக் கணினிக்குப் புரிய வைப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுடைய அப்பாவும் நாலு வருடமாக அப்படித்தான் குழறிக்கொண்டிருந்தார். விண்ணப்பம் தயார். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்தின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. மூன்று வாரமாக இன்று, நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயாவது வாங்கிக்கக் கூடாதா?"

"வழிகாட்டிதான் அனுப்பணுமாம் மேடம். இல்லன்னா என் விண்ணப்பத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க."

"அடுத்த வருஷம் போயேன். உனக்கு என்ன வயசாயிடுச்சு?"

"எங்கப்பாவுக்கு வயசாயிட்டே போகுதே மேடம்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"என் வேலையில ஏதாவது குறையா? இருந்தா மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுங்க."

"குறை ஒண்ணும் இல்ல."

"என் மேல கோபமா?"

"இல்லம்மா."

மணி நாலு ஐம்பது. அவளுடைய முதல் கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிய அன்று, இதே அறையில், தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து மிரட்டிச் சாப்பிட வைத்தவரா இவர்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குப் பொறாமை மேடம். நான் மேல போயிடுவேன்னு பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் சத்தம் போடவில்லை. திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

மூன்று பக்கக் கடிதம். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. 'என் மாணவர்களில் மட்டுமல்ல, இந்தத் துறையில் நான் பார்த்தவர்களிலேயே இவருக்கு இணையாக இன்னொருவர் இல்லை' என்று தொடங்கியிருந்தது.

"அன்னிக்கே எழுதிட்டீங்களா? அப்புறம் ஏன் மேடம் அனுப்பல?"

மேடம் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். 'கடிதம் கிடைத்தது' என்று பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

"பொறாமை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "பட்டம் வாங்கி எட்டு வருஷம் வரைக்கும் யாரும் போகலாம், எனக்கு இது எட்டாவது வருஷம். அந்த ஒரு இடத்துக்கு நானும் விண்ணப்பிச்சிருக்கேன்."