சிவப்புச் சிமிழின் மூடி

"கதவைத் திறங்கம்மா! போலீஸ்!"

சுலோச்சனா ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் வேதநாயகம். அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, மரக் கடைசல் பட்டறை இனாயத்.

'பாவி! வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிக் கொடுக்கிறானே!'

போன நவராத்திரிக்கு வக்கீலாத்து மாமி, தெருவிலுள்ள சுமங்கலிகளுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு சிவப்பு மரச் சிமிழ் வைத்துக் கொடுத்தாள். எல்லாம் இனாயத் கடைந்தவை. பார்வைக்கு ஒரே அச்சு. ஆனால் ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது. முதலில் சிமிழ், பிறகு அந்தச் சிமிழின் வாய்க்கு வைத்து வைத்துப் பார்த்து அதற்கென்று ஒரு மூடி. அவன் கடைகிற விதம் அப்படி.

கடற்கரையில் காங்கிரஸ்காரர்கள் உப்புக் காய்ச்சிய அன்று, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பிய சுலோச்சனா கோயிலுக்கே போயிருக்கலாம். வேடிக்கை பார்க்கப் போனாள். போனவள் சும்மா வந்திருக்கலாம். எல்லாரும் வாங்குகிறார்களே என்று, குங்குமத்துக்காக மடியில் வைத்திருந்த சிமிழில் கொஞ்சம் உப்பு வாங்கிக்கொண்டாள். மூடுவதற்குள் தடியடி. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், மூடியைக் காணோம்!

உப்பை அன்றைக்கே ரசத்தில் கரைத்து, கோட்டையில் குமாஸ்தாவாக இருக்கும் கணவன் சந்திரமௌலிக்கே ஊற்றிவிட்டாள். மரத்தை எதில் கரைப்பது? கிணற்றில் போட்டால் மிதந்து தொலைக்கும்.

சர்க்கார் குமாஸ்தா பெண்டாட்டி திருட்டு உப்பு வாங்கினாள் என்று தெரிந்தால், சந்திரமௌலிக்கு அன்றோடு உத்தியோகம் போச்சு. அப்புறம் குடும்பமே தெருவில் நிற்க வேண்டியதுதான்.

தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"நவராத்திரிச் சிமிழை எடுத்துட்டு வாங்கம்மா."

கொண்டு வந்தாள்.

"மூடி எங்கே?"

"குழந்தைகள் பம்பரம் விடறேன்னு எடுத்துண்டு போய்த் தொலைச்சுடுத்துகள்."

"எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பம்பரக் கதைதான்!" வேதநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்துக் காட்டினார். "கடற்கரை மணல்ல கிடைச்சது. நேத்தே இவன் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினேன். தன் கைவேலைதான்னு ஒத்துக்கிட்டான். இது எந்தச் சிமிழ்ல உட்காருதோ, அந்த வீட்டு அம்மாதான் அன்னிக்கு அங்கே இருந்தவங்க. புரியுதா?"

புரியாமலென்ன? பயம் எங்கேயாவது பாய வேண்டுமே, இனாயத் மேல் பாய்ந்தது.

"ஏம்ப்பா, உனக்கு வேலை கொடுத்த தெருவுக்கே குழி வெட்டறயா? பண்டிகைக்குப் பண்டிகை இந்தத் தெருவிலே வாங்கித் தின்னது செரிச்சுடுத்தா? காட்டிக் கொடுக்கறதும் ஒரு பிழைப்பா?"

"இன்னாம்மா செய்யறது? ஐயா கூப்ட்டா வந்துதானே ஆவணும்."

அவன் தலை நிமிரவில்லை. வேதநாயகம் மூடியை அவனிடம் நீட்டினார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீங்க சொல்லுங்கம்மா, அன்னிக்குக் கடற்கரைப் பக்கம் போனீங்களா?"

இனாயத் சிமிழை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். மூடி அதற்கு மேலே வந்துவிட்டது. சுலோச்சனாவின் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"நான் ஏன் போறேன்? எதிராத்துக் கனகவல்லியைக் கேளுங்கோ! கதரும் ராட்டையுமா அமர்க்களம் பண்றவ அவதான். அவதான் போனா! நான் பார்த்தேன்!"

கனகவல்லி அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். மிளகு கஷாயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவளே சுலோச்சனாதான்.

இனாயத் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். மூடியைச் சிமிழின் மேல் வைத்தான்.

சுலோச்சனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கபாலி! கபாலி! மூடி கச்சிதமாக உட்காரும்போது 'டப்'பென்று ஒரு சத்தம் வரும். அதற்காகக் காது காத்திருந்தது.

லொடலொடவென்று ஆடுகிற சத்தம்தான் வந்தது.

"கொடுடா இப்படி!" வேதநாயகம் பிடுங்கித் தானே வைத்து அழுத்தினார், திருகினார், கவிழ்த்தார். மூடி கழன்று விழுந்து ரேழியில் உருண்டது.

"இதுவும் இல்லையா? சரி, எதிர்வீட்டுக்கு வா. அந்த ராட்டைக்காரம்மாவைப் பார்த்துடுவோம்."

அவர் படியிறங்கித் தெருவைக் கடந்தார்.

சுலோச்சனா சுவரோடு சாய்ந்துவிட்டாள். உத்தியோகம் பிழைத்தது. குடும்பம் பிழைத்தது. கனகவல்லியா? அவளுக்கு அவள் அகத்துக்காரர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார். ஆனால் தன் மூடி தன் சிமிழிலேயே எப்படிச் சேராமல் போயிற்று? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மூடியைப் பொறுக்கக் குனிந்த இனாயத், நிமிராமலே தாழ்ந்த குரலில் சொன்னான்:

"எதிர்வூட்டம்மா பேரை இஸ்த்துவுட்டிருக்க வேணாம்மா. தெருவுல ஒரு சிமிழுக்கும் சேராத மாதிரி, நேத்தே பட்டறையில மூடியோட உள்வாயை ஒரு இழை கடைஞ்சு பெரிசாக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன்."