ஓவர்டைம் சல்லி

“வரி ஒரு சதமும் வராது தங்கச்சி! வல்லாஹி வராது!”

பக்கத்து வீட்டுப் பௌஸி நானா பேனையை உயர்த்திப் பிடித்துச் சொன்னதும் மாக்ரெட் துள்ளிக் குதிக்காத குறை.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கையில் வருமான வரிப் படிவம் வந்த முதல் வீடு அவளுடையது. உலக யுத்தம் வந்ததிலிருந்து துறைமுகத்தில் கப்பல்களுக்குக் குறைவில்லை. அங்கே கிளார்க்காக இருக்கும் புருஷன் பீற்றருக்கு வேலைக்கும் குறைவில்லை. படிவம் கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். வக்கீல் ஒபிஸில் வேலை பார்க்கும் பௌஸி நானா மட்டும் வந்திராவிட்டால் புருஷனும் பெண்சாதியும் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

“அதெப்பிடி நானா வராது?”

“உங்கட மச்சாள் இங்கதானே இரிக்கிறா? பீற்றர்ட சம்பளத்தில வாழுற ஆள் எண்டு அவட பேரை எழுதினா கழிவு கிடைக்கும். வரிக்கு வேலையே இல்ல.”

மாக்ரெட் மனசுக்குள் ஒழுகுகிற கூரைக்குப் புது ஓடே போட்டு முடித்துவிட்டாள்.

“எழுதாதேங்கோ நானா,” என்றார் பீற்றர். “அக்கா என்ர தயவில இல்லை. அவ சொந்தமா உழைக்கிறா.”

“நல்லாச் சொல்லு தம்பி!”

சட்டைக்கு வைக்கும் றேந்தையைப் பின்னியபடியே உள்ளேயிருந்து வந்தாள் அருள்நாயகி. பீற்றரின் விதவை அக்கா.

“கொள்ளுப்பிட்டித் துரைசானி என்ர றேந்தை முழுக்க வாங்குறா. தம்பிதான் கொண்டுபோய்க் குடுத்துச் சல்லி வாங்கியாறான். முதலாந்தேதி பிறந்தா மாக்ரெட்டின்ர கையில சாப்பாட்டுக் காசு வைக்கிறன். எனக்கும் ஒரு ஃபோர்ம் தாங்கோ நானா, நானும் வரி கட்டுறன்!”

வரி கட்ட இப்படி ஆசைப்பட்ட மனுஷியை அரசாங்கமே கண்டிருக்காது. பௌஸி நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

“வரி கட்ட உங்கட வருமானம் காணாது அக்கா. பொறுங்க, தம்பிட கணக்க முடிப்பம். சம்பளம் எழுதியாச்சு. ஓவர்டைம்... யா அல்லாஹ், இவ்வளவா?”

“ஓவர்டைமா?” மாக்ரெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ர கையில ஒரு சதம் தரேல்லையே!”

பீற்றர் பௌஸி நானாவின் கையிலிருந்து பேனையைப் பிடுங்கினார். அக்காவின் பேரையும் எழுதவிடவில்லை. படபடவென்று கையெழுத்துப் போட்டார், படிவத்தை மடித்தார், வாசலுக்கு ஓடி றிக்‌ஷாவில் ஏறிவிட்டார்.

மாக்ரெட் விடுவாளா? பின்னாலேயே ஓடிப்போய் றிக்‌ஷாவின் பிடியைப் பற்றிக்கொண்டாள். கூரை போன கோபம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

“உண்மையைச் சொல்லுங்கோ. அந்த ஓவர்டைம் சல்லியை எவளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறீங்கள்?”

“சத்தம் போடாதை மாக்ரெட், அக்காவுக்குக் கேட்கும்.” பீற்றர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“முதலாந்தேதி அக்கா உன்ர கையில வைக்கிறாவே, அதுதான் அந்தச் சல்லி. கொள்ளுப்பிட்டியில எனக்கு எந்தத் துரைசானியையும் தெரியாது.”