சாம்சன் பிடித்த எலி

"இன்னாடா ரிப்பேர் பண்ணே? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

ஷெட் வாசலில் அப்துல் ரவூப் பாய் போட்ட சத்தத்தில், சிப்காட் ரோட்டின் எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. கூட வந்திருந்த மொஹசின், பாயின் பெண்டாட்டிக்குத் தம்பி, 'ப்ச்' கொட்டினான்.

மெக்கானிக் சாம்சன் பானெட்டைத் திறந்து திறந்து மூடினான். என்னத்தைச் சொல்வது? பாயின் கார் நின்ற இடத்திலேயே குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி உதறிக்கொண்டிருந்தது. ரம்ஜானுக்கு முன்னால் இதே கோளாறு. பாயின் கொழுந்தியா கல்யாணத்துக்கு முன்னாலும் இதே கோளாறு. ரெண்டு தடவையும் சரி பண்ணி அனுப்பியது இவன்தான்.

"நாகூருக்குக் குடும்பத்தோட கெளம்பணும்னு மச்சான் வந்துகிறான். இத்த எப்டிக் குடுக்கறது?" என்று இன்னொரு பாட்டம் திட்டிவிட்டு, வண்டியை விட்டுவிட்டுப் போனார் பாய்.

விஷயம் பரவாமல் இருக்குமா? வேன் ஓனர் அன்புராஜ் மறுநாளே தன் வண்டிகளை வேறு ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். "இப்பிடியே போனா ஷெட்ட இழுத்து மூட வேண்டியதுதான்" என்றாள் விக்டோரியா, சாம்சன் பெண்டாட்டி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை திட்டியும் வேறு ஷெட்டுக்குப் போகாமல் தன்னிடமே வருகிறாரே, பாய் தங்கமான மனுஷன் என்று வேறு உருகினான்.

டீக்கடை டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். வீடியோ பார்த்தே எஞ்சின் படித்த இன்னொருவர், கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார். திருஷ்டி, பூசணிக்காய் உடை என்றார் மூன்றாமவர்.

சாம்சன் ஸ்கேனரை மாட்டினான். மூணாவது சிலிண்டர் எரியவில்லை. பானெட்டைத் திறந்தால், அதற்குக் கரண்ட் கொடுக்கிற காயிலுக்குப் போகிற ஒயரின் சாக்கெட் கழன்று தொங்கியது. போன தடவையும் இதேதான், அதற்கு முன்னாலும் இதேதான்.

"எலி! எலியேதான்!" என்று தொடையைத் தட்டினான். விசேஷம் வந்தால் பாய் வீட்டில் பிரியாணி மணக்கும், அந்த வாசனைக்கு வருகிற எலி சும்மா போகுமா? ஒயரில் ஒரு பல் தடம்கூட இல்லைதான். அதனாலென்ன, இந்தக் காலத்து எலி சாக்கெட்டின் லாக்கை அமுக்கிக் கழற்றவும் கற்றுக்கொண்டிருக்கும்.

சாக்கெட்டை மாட்டி, கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினான். எலி இன்னும் வண்டிக்குள்தான் ஒளிந்திருக்கும் என்று, கீழே மசால்வடை வைத்து எலிப்பொறி ஒன்றையும் தள்ளிவிட்டுப் போனான். காலையில் வந்து பார்த்தால், அப்பாடா! உள்ளே கொழுகொழுவென்று ஒரு பெருச்சாளி.

பாய் வீட்டு வாசலில் மொஹசின் குடும்பம் பையும் மூட்டையுமாக ரயிலுக்குக் கிளம்பி, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தது. சாம்சன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நிறுத்தினான். எஞ்சினை ஓடவிட்டு, பானெட் மேல் தண்ணீர் தளும்பத் தளும்ப ஒரு டம்ளரை வைத்தான். சொட்டுகூடச் சிந்தவில்லை.

"மாஷா அல்லாஹ்! சாம்சன் தம்பி சரி பண்ணிடுச்சு பாருங்க!" என்று பூரித்தாள் பாயின் மனைவி பத்ருன்னிசா.

மொஹசின் டம்ளரை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டு சீட்டில் ஏறினான். பிள்ளைகள் பொலபொலவென்று பின்னால் ஏறின. "வர ஒரு வாரம் ஆவும் மச்சான்! இனிமே வண்டிக்கு நாங்க எங்கியும் அலைய வேணாம்!" என்றான். கார் சத்தமே இல்லாமல் தெருமுனையைத் திரும்பியது.

பாய் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று நினைத்த சாம்சன், பொறியை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினான்.

"இனிமே உங்களுக்குப் பேஜாரே இல்ல பாய். இத்தினி நாளா ஒயரக் கழட்டி என் மானத்த வாங்குன எலி இதான்!"

பாய் பெருச்சாளியைப் பார்த்தார். காலியாகிப்போன வாசலைப் பார்த்தார். சாம்சனின் தோளைப் பிடித்து மதிலோரம் இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்தார்.

"அடப்பாவி, அந்த எலி நான்தான்டா!"