நான்காவது பியூஸ்

கம்பியைப் பழுதுபார்க்க இரும்புக் கம்பத்தில் பாதி உயரம் ஏறியிருந்தார் சடையன்.

அவர் சட்டைப்பையில் மூன்று பியூஸ் கட்டைகள். கீழே நிற்பவளே கழற்றிக் கொடுத்தவை. இந்த மலையில் அதுதான் வழக்கம். ஏறுகிறவர் பையில் கட்டைகள் இருக்கும்வரை சோலார் கொட்டகையிலிருந்து கம்பிக்கு மின்சாரம் வராது. டீசல் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கினாலும் சரி.

காலை பதினொரு மணி. முப்பத்தெட்டு வீடுகளிலும் மின்விசிறி நின்றிருந்தது.

கொட்டகைக்குப் பொறுப்பு அவள்தான். கம்பத்தடியில் அண்ணாந்து நின்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது.

மகள் இன்று பள்ளிக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து இளைப்பு. மூச்சுக்கு மருந்துப் புகை விடும் மெஷினை மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

இந்நேரம் மெஷின் நின்றிருக்கும். நின்றால் மகள் கட்டிலுக்கடியில் இருக்கும் இன்வெர்ட்டரைப் போடுவாள்.

யாருக்கும் தெரியாத இன்வெர்ட்டர். அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி வைத்திருந்தாள். மெயினை இறக்காமல் போட்டால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. கம்பத்துக்கு வந்துவிடும்.

முதலில் மெயின், பிறகு இன்வெர்ட்டர். மகளிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள்.

மூச்சு முட்டும் பிள்ளைக்குப் பத்துத் தடவை போதுமா?

இரண்டு மாதத்துக்கு முன் மாதம்மா வீட்டில் இதே மாதிரி ஒயரை ஊர் பார்க்கப் பிடுங்கி எறிந்தவள் அவள். ஆளைக் கொல்லப் பார்க்கிறாயா என்றும் கேட்டாள். பெரிய நியாயவாதி.

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் சடையன் போவார். மகள் அதைப் போடக்கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது. போடாவிட்டால் பிள்ளைக்கு மூச்சில்லை.



சடையன் இடுப்புப் பட்டையைக் கம்பத்தில் மாட்டினார். கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

“தொடாதீங்கண்ணா!”

கை நின்றது.

அவர் தலைக்கு மேலே தெருவிளக்கு, பட்டப்பகலில், ஒரு நொடி எரிந்து அணைந்தது.

சடையன் விளக்கைப் பார்த்தார். வீடுகளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

விளக்கு எரியும் முன்பே கத்தியவள் அவள்தானே.

இறங்கி வந்தார். “வீட்டுல புள்ளைக்கு மூச்சு முட்டுதுண்ணா,” என்றாள்.

“ஓடு. மொதல்ல புள்ளயப் பாரு. கரண்ட நிறுத்திட்டு வந்து சொல்லு, ஏறுறேன்.”

ஓடினாள்.

ஊர்ச் சுமை தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றுபோய்க் கத்திக்கொண்டிருந்தது. மகளின் உதடு வெளுத்திருந்தது. மெயினை இறக்கினாள். இன்வெர்ட்டரை மறுபடி போட்டாள். புகை வந்தது. சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது.

“நான் மெயின மறந்துட்டேன்மா.”

தலையைத் தடவிவிட்டு எழுந்தாள்.

வாசல்வரை போய்த் திரும்பி மெயினைப் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மெயின் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

கம்பத்தடியில் ஊரே கூடியிருந்தது. முன்னால் மாதம்மா.

யாரும் கேட்கவில்லை. அவளே கையை விரித்துக் கட்டையைக் காட்டினாள். பிறகு அதைச் சடையனின் பையில் போட்டாள்.

அவர் பையைத் தடவிப் பார்த்தார். நான்கு.

மறுபடி ஏறினார்.

அவர் கம்பியைத் தொடும்வரை, அவள் கம்பத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.