அக்கரைச் சீட்டு

கரடி கேழ்வரகில் பீர் காய்ச்சியது. பத்து நாளைக்குள் குடித்தால்தான் அதற்கு ருசி. ஆற்றுக்கு அக்கரையில் அதை விற்கும் உரிமை கழுதைக்கு மட்டுமே என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அக்கரைக்குப் போன கரடி, கழுதையின் கொட்டகையில் விக்கித்து நின்றது. வாசல்வரை யானை காய்ச்சிய பீர். தன் பீப்பாய்களோ மூலையில் புளித்துக் கிடந்தன.

"இனிமே நானே வித்துக்கறேன்."

"முடியாதுண்ணே. இந்தக் கரையில உங்க பீரை நீங்களே விக்கக் கூடாது. சீட்டுல அப்படித்தானே எழுதியிருக்கீங்க?"

கரடி கையை நீட்டியது. "நான் காய்ச்சினதை நானே விக்கக் கூடாதா? அந்தச் சீட்டைக் கொடு, கிழிச்சுப் போடறேன்."

கழுதை காதை ஆட்டியது.

"அது எங்கிட்ட ஏதுண்ணே? நேத்துத்தான் யானைக்கு வித்தேன்."